இருட்டுக்குள்ள இருக்கிற கருந்துளையைப் பக்கத்து நட்சத்திரத்த வச்சுக் கண்டுபிடிக்கிறது எப்பிடி

கருந்துளை வெளிச்சம் விடாது, நேர தேட வெளிக்கிட்டா ஒண்டும் கிடையாது. ஆனா அதோட ஒரு நட்சத்திரம் சேந்து சுத்தினா அந்த நட்சத்திரத்தின்ர வெளிச்சமே எல்லாத்தையும் சொல்லிப்போடும். யாழ்ப்பாணத்தில பெரிய தொலைநோக்கி இல்லையே எண்டு யோசிக்காதேங்கோ, முக்காவாசி வேலை இணையத்தில சும்மா கிடைக்கிற டேட்டாவிலதான் நடக்குது.

எண்டாலும் முதல்ல ஒருக்கா கண்ணால பாருங்கோ, பிறகு டேட்டாவோட இருக்க மனம் வரும். செப்டெம்பர்ல இரவு 8 மணி போல சிக்னஸ் விண்மீன் கூட்டம் எங்களுக்கு வடக்கால நல்ல உயரத்தில நிக்கும், பருத்தித்துறையோ காரைநகர் கசூரினாவோ போனா வடக்குப் பக்கம் முழுக்கக் கடல், ரவுன் லைற் குழப்பாது. சிக்னஸின்ர கழுத்தில ஈற்றா சிக்னி எண்ட நட்சத்திரம், அதில இருந்து அரைப் பாகை, அதாவது ஒரு நிலா அகலம், கிழக்கால தள்ளி எச்டிஈ 226868 எண்ட நட்சத்திரம் மங்கலா இருக்கும். 50 மில்லிமீற்றர் பைனாகுலரை எதிலயாவது ஊண்டிப் பிடிச்சா தெரியும். (கடல் காத்தில லென்ஸில உப்புப் படியும், ஊதித் தட்டிப்போட்டுத் துடையுங்கோ, நேர தேய்ச்சா கீறல் விழும்.) அந்த நட்சத்திரமும் சூரியனைப்போல 21 மடங்கு நிறையுள்ள ஒரு கருந்துளையும்தான் 5.6 நாளுக்கு ஒருக்கா ஒண்டையொண்டு சுத்துதுகள், அதுதான் சிக்னஸ் எக்ஸ்-1.

இனி வேலை. முதல் வெளிச்ச அளவு. நாசாவின்ர டெஸ் விண்கல டேட்டா எல்லாருக்கும் இலவசம், பைதன் கொஞ்சம் தெரிஞ்சா லைற்கர்வ் எண்ட பக்கேஜைப் போட்டு நட்சத்திரத்தின்ர வெளிச்சம் நாளோட எப்பிடி மாறுதெண்டு கோடு கீறலாம். கிட்டச் சுத்துற கருந்துளை பக்கத்து நட்சத்திரத்தைக் கோழிமுட்டை மாதிரி இழுத்து வச்சிருக்கும், முட்டையின்ர பக்கவாட்டு எங்களைப் பாக்கேக்க வெளிச்சம் கூட, முனை பாக்கேக்க குறைவு, அதால ஒரு சுத்துக்கு ரெண்டு ஏத்தம் ரெண்டு இறக்கம் வரும். இந்த இடத்தில வடிவாக் கவனியுங்கோ: இப்பிடியான நட்சத்திரத்தில மென்பொருள் கனக்க நேரம் பாதிக் காலத்தைத்தான் காட்டும். 2.8 நாள் எண்டு வந்தா உண்மையில 5.6 நாள், ரெண்டால பெருக்கோணும்.

பிறகு வேகம். ஏ.எல் பௌதிகவியல்ல டொப்ளர் விளைவு படிச்சிருப்பியள், அதேதான். நட்சத்திரத்தின்ர நிறமாலையில (வெளிச்சத்தை நிறம் நிறமாப் பிரிச்சா வாற பட்டையில) இருக்கிற கறுப்புக் கோடுகள் அது எங்களை நோக்கி வரேக்க நீலப் பக்கமும் போகேக்க சிவப்புப் பக்கமும் நகரும். வி404 சிக்னி எண்ட நட்சத்திரத்தில இந்த வேகம் செக்கனுக்கு 208.5 கிலோமீற்றர், 656.3 நானோமீற்றர்ல இருக்கிற ஐதரசன் கோடு அரை நானோமீற்றர் கூட நகராது, அதால வெளிச்சத்தைப் பிரிக்கிற மலிவான கிறேற்றிங் போட்டு இதை அளக்க ஏலாது, வெளியான அளவுகளை எடுத்துப் பழகுங்கோ. சுத்துப்பாதை வட்டமெண்டால் கணக்கு இதுதான்: 0.0000001036 ஐ நாள் கணக்கில சுத்துக் காலத்தாலயும், செக்கனுக்குக் கிலோமீற்றர் கணக்கில வேகத்தின்ர மூண்டாம் அடுக்காலயும் பெருக்குங்கோ. வி404 சிக்னிக்குக் காலம் 6.47 நாள், போட்டுப் பாத்தா 6.08 வரும். மறைஞ்சிருக்கிற சாமான் ஆகக் குறைஞ்சது 6.08 சூரிய நிறை எண்டு அர்த்தம். நியூத்திரன் நட்சத்திரம் (பெரிய நட்சத்திரம் செத்தாப் பிறகு மிஞ்சுற இறுகின கோளம்) 3 சூரிய நிறைக்கு மேல தாங்காது, அப்ப இது கருந்துளைதான். 1992ல இதை இப்பிடித்தான் உறுதிப்படுத்தினவை.

என்னைக் கேட்டா இதுக்குப் பிறகு வாற சந்தேகப்படுற வேலைதான் ஆக முக்கியம். எச்ஆர் 6819 எண்டு 2020ல "ஆகக் கிட்ட இருக்கிற கருந்துளை" எண்டு பெரிய செய்தி வந்தது, 2022ல பாத்தா கருந்துளையே இல்லை, ஒரு நட்சத்திரம் மற்றதின்ர வெளி அடுக்கை உரிஞ்சு எடுத்திருந்தது, ரெண்டின்ர வெளிச்சமும் கலந்து ஆக்களை ஏமாத்திப்போட்டுது. அதால நிறமாலையில ரெண்டாவது நட்சத்திரத்தின்ர கோடு ஒளிஞ்சிருக்கோ எண்டு கடைசிவரை தேடோணும்.

தூரத்தில சுத்துற சோடியள்ல முட்டை வடிவமும் வராது, கருந்துளைக்குள்ள விழுற வாயு சூடாகி விடுற எக்ஸ் கதிரும் வராது, அங்க நட்சத்திரம் வானத்தில தள்ளாடுறதை அளக்கிறதுதான் வழி. கையா விண்கலம் இதைச் செய்துதான் 2022ல கையா பிஎச்1 பிடிபட்டது, 9.6 சூரிய நிறை, ஏறக்குறைய 1560 ஒளியாண்டு தூரம், சுத்துக் காலம் 186 நாள். ஜூலையில இரவு 10 மணி போல அது எங்கட தலைக்கு மேலயே கிட்டத்தட்ட நிக்கும், ஆனா பைனாகுலருக்கு எட்டாது. கையா ஆவணத்தில இரட்டை நட்சத்திரங்களுக்கெண்டு தனி அட்டவணை இருக்கு, காசில்லாமல் இறக்கலாம், அதில கூட்டாளி நிறை கூடவா வாறதுகளை வடிகட்டிப்போட்டு ஒவ்வொண்டா இந்தக் கணக்கைப் போடத் தொடங்குங்கோ.