கார் ஸ்டார்ட் ஆகவில்லை: செல்ஃப் எழுப்பும் ஒலியை வைத்துக் காரணத்தைக் கண்டறிதல்

சாவியைத் திருப்பியும் என்ஜின் ஓடத் தொடங்காதபோது, பலர் விடாமல் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். பேட்டரியில் மிஞ்சியிருக்கும் மின்சாரமும் அதில் தீர்ந்துபோகும், என்ஜினைச் சுற்றவைக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் (செல்ஃப்) சூடேறும். ஒருமுறைக்கு 10 விநாடிகளுக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். அடுத்த முயற்சிக்கு முன் அரை நிமிடமாவது காத்திருங்கள். இந்த விளக்கம் பெட்ரோல், டீசல் கார்களுக்கானது. ஹைபிரிட் மற்றும் மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற உறையிட்ட வயர்கள் உயர் மின்னழுத்தம் உடையவை என்பதால் அவற்றைத் தொடக் கூடாது.

படி 1: திருப்புமுன் பார்க்க வேண்டியவை

ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். ஆட்டோமேட்டிக் காரில் கியர் லீவர் பி அல்லது என் நிலையில் இருந்தால்தான் செல்ஃப் எடுக்கும். மேனுவல் கார்கள் பலவற்றில் கிளட்சை முழுவதுமாக மிதிக்க வேண்டும். பட்டன் ஸ்டார்ட் உள்ள ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்கை மிதித்திருக்க வேண்டும். பட்டன் வகையில் சாவிக்குள் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருந்தாலும் கார் உங்களை அடையாளம் காணாது. அப்போது சாவியையே பட்டனுக்கு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல கார்கள் ஏற்றுக்கொள்ளும்.

படி 2: ஒருமுறை திருப்பி, கவனமாகக் கேளுங்கள்

ஹெட்லைட்டை எரியவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டு நேராகப் படி 5-க்குச் செல்லலாம். அது இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றினாலோ, படபடவென்று தொடர்ச்சியாக டிக் ஒலி எழுந்தாலோ, விளக்கும் கூடவே மங்கினால், மின்சாரம் போதவில்லை என்று பொருள். ஒரே ஒரு 'டக்' ஒலி மட்டும் கேட்டு, விளக்கு மங்காமல் எரிந்தால் சந்தேகம் ஸ்டார்ட்டர் பக்கம் திரும்ப வேண்டும். எந்த ஒலியும் இல்லை, டேஷ்போர்டு விளக்குகளும் எரியவில்லை என்றால் பேட்டரி அடியோடு தீர்ந்திருக்கலாம், அல்லது டெர்மினல் (பேட்டரி முனையில் வயர் இணையும் இடம்) கழன்றிருக்கலாம்.

படி 3: பேட்டரியும் டெர்மினலும்

புதிய பேட்டரி வாங்குவதற்கு முன், பழைய பேட்டரியின் டெர்மினல்களைக் கையால் அசைத்துப் பாருங்கள். முனையைப் பற்றியிருக்கும் கிளாம்ப் சிறிதளவு சுழன்றாலும் அது தளர்ந்திருக்கிறது. வெள்ளை அல்லது பச்சைப் பொடி படிந்திருந்தால், ரேடியோ ஓடும் அளவு மின்சாரம் கடந்தாலும், செல்ஃபுக்குத் தேவையான நூற்றுக்கணக்கான ஆம்பியர் கடக்காது. நல்ல பேட்டரிகள் மாற்றப்படுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம் என்பது என் கருத்து. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்ற வரிசையில் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரும் கம்பி பிரஷும் கொண்டு சுத்தம் செய்து உலர்த்துங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில்.

அடுத்து மல்டிமீட்டரை டிசி வோல்ட் அளவில் வையுங்கள். சில மணி நேரம் ஓய்ந்திருந்த வழக்கமான லெட் ஆசிட் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழே போனால் சார்ஜ் செய்தாக வேண்டும். இந்த எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. உள்ளே பழுதான பேட்டரியும் ஓய்வில் 12.6 காட்டக்கூடும். எனவே மற்றொருவர் செல்ஃப் அடிக்கும்போது மீட்டரைப் பாருங்கள்: நன்கு சார்ஜ் ஏறிய பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் அது ஓய்ந்துவிட்டது என்றே கொள்ளலாம். அதே நேரத்தில் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை என்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்து அளக்க, அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரியின் நெகட்டிவை என்ஜினோடு சேர்க்கும் எர்த் வயரின் இணைப்பு கெட்டிருக்கிறது. பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஜம்ப் ஸ்டார்ட் செய்வதானால் சிவப்பு கேபிளைத் தீர்ந்த பேட்டரியின் பாசிட்டிவிலும், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவிலும் மாட்டி, கறுப்பு கேபிளை நல்ல பேட்டரியின் நெகட்டிவிலும், கடைசி முனையை நின்றுபோன காரின் என்ஜின் உலோகத்திலும் மாட்டுங்கள். பேட்டரி அருகே எரியும் வாயு தங்கியிருக்கக்கூடும் என்பதால் கடைசித் தீப்பொறி அங்கே தெறிக்கக் கூடாது. கார் ஓடத் தொடங்கியதும் பேட்டரி முனைகளில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 13-ஐ எட்டவில்லை என்றால் என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டர் சார்ஜ் செய்யவில்லை என்று சந்தேகிக்கலாம், நாளையும் இதே இடத்தில் நிற்பீர்கள்.

படி 4: 'டக்' ஒலியும் முழு மௌனமும்

பேட்டரி நன்றாக இருந்தும் ஒரே 'டக்' ஒலி வந்தால், ஸ்டார்ட்டரின் சோலினாய்டோ (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்த சுவிட்ச்) மோட்டாரோ பழுது. மோட்டாரின் உடல் மேல் மரக்கட்டையால் மெல்லத் தட்டியபடி செல்ஃப் அடித்தால் சில நேரம் ஓடும். ஒர்க்‌ஷாப் வரை போக மட்டுமே அது உதவும்.

விளக்குகள் பிரகாசமாக எரிந்தும் ஒலியே இல்லையெனில், ஆட்டோமேட்டிக் காரில் லீவரை என் நிலைக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே செல்ஃப் எடுத்தால் கியர் நிலை சுவிட்சே குற்றவாளி. இல்லையெனில் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, ஸ்டார்ட்டர் ஃபியூஸைச் சோதித்து, அதே எண் கொண்ட ஹாரன் ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்) ஸ்டார்ட்டர் ரிலேயின் இடத்தில் செருகிப் பாருங்கள்.

படி 5: செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை

டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுச் சின்னம் மின்னிக்கொண்டே இருந்தால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை. மாற்றுச் சாவியை முயன்று பாருங்கள். எரிபொருள் முள்ளை முழுமையாக நம்ப வேண்டாம், அதுவும் சிக்கிக்கொள்வதுண்டு. பெட்ரோல் கார் பலவற்றில் இக்னிஷனை ஆன் செய்ததும் பின்பக்கத்திலிருந்து ஓரிரு விநாடி பம்பின் ரீங்காரம் கேட்கும். கேட்காவிட்டால் பம்பின் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பல இஞ்செக்‌ஷன் கார்கள் அப்போது எரிபொருளை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் அனுப்பும். டீசல் காரில் குளிர் வேளையில் டேஷ்போர்டின் சுருள் வடிவ விளக்கு அணையும்வரை பொறுத்திருங்கள். டாங்கி முற்றிலும் காலியாகி மீண்டும் நிரப்பியிருந்தால் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கலாம்.

செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் துளியும் அசையவில்லை என்றால் க்ராங்க்‌ஷாஃப்ட் சென்சார் (என்ஜின் சுற்றுவதை உணர்வது) மீது சந்தேகம் வரலாம். சில கார்களில் அந்த முள் எப்போதுமே அசையாது என்பதால், காரின் கணினியைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் காட்டும் பிழைக் குறியீட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். செல்ஃப் வழக்கத்துக்கு மாறாக வேகமாகவும் தடையின்றியும் ஒரே சீராகச் சுழன்றால் வால்வுகளையும் பிஸ்டனையும் ஒத்திசைந்து இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். அந்த ஒலியைக் கேட்டதும் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு, காரை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். மேலும் சுற்றவிட்டால் பல என்ஜின்களில் பிஸ்டன் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும்.