கீரையின் சத்து வாய்க்கு வந்து சேர: புதிதாகச் சமைப்பவர்களுக்கு

கீரை உடம்புக்கு நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நல்லதில் ஒரு பங்கைச் சிங்க்கில் கொட்டிவிடுகிறோம் என்பதுதான் தெரிவதில்லை. கீரை வெந்த பச்சைத் தண்ணீரைப் பல நாள் வடித்துக் கொட்டியவன் நான்.

படி 1: முதலில் அலசல், அப்புறம் நறுக்கல்

வைட்டமின் சியும் ஃபோலேட் என்ற பி வைட்டமினும் தண்ணீரில் கரைபவை. நறுக்கிய பிறகு ஊறவைத்தால் வெட்டிய ஓரம் வழியாகப் போய்விடும். அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் பிடித்து, இலைகளை முழுசாக முக்கி அலசி, கையால் அள்ளி எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால் அடியில் படிந்த மண் மறுபடி கீரை மேலேயே வந்து உட்காரும். அடியில் மண் தங்காத வரை அலசுங்கள்.

(ஃபோலேட் என்ற பெயரே 'இலை' என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1941-இல் பாலக்கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். கருவில் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் சரியாக உருவாக இது வேண்டும்.)

படி 2: தண்ணீர் ஊற்றாமல் வேகவிடுங்கள்

அலசிய ஈரமே போதும். சட்டி நிறைய இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். இளம் இலை என்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு கைப்பிடியாகச் சுருங்கிவிடும். பச்சை பளிச்சென்று தெரியும்போதே அடுப்பை அணையுங்கள். நிறம் மங்கி காக்கியானால் நேரம் தாண்டிவிட்டது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பாலக்கில் ஆக்சலேட் அதிகம்; கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் கல்லாகப் படியக்கூடிய பொருள் அது. ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்கள் பாலக்கை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிப்பதே நல்லது. அதற்கு முன் டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். பாலக்கின் கால்சியத்தையும் இந்த ஆக்சலேட்தான் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் கால்சியத்துக்காகப் பாலக்கை நம்பாதீர்கள்.

படி 3: ஒரு ஸ்பூன் எண்ணெய்

கீரையிலுள்ள நிறமிகளான பீட்டா கரோட்டின், லூட்டின், கூடவே வைட்டமின் கே மூன்றும் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஏறும். எண்ணெயே வேண்டாம் என்பது இங்கே வீண் சிக்கனம்.

படி 4: இறக்கிய பின் எலுமிச்சை

கீரையின் இரும்புச்சத்து லேசில் உடம்பில் சேராது. எலுமிச்சையின் வைட்டமின் சி அதற்குக் கைகொடுக்கும். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம். ஒரு மணி நேரம் போகட்டும்.

படி 5: வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள்

ரத்தம் உறைய உதவுவது வைட்டமின் கே. அதைத் தடுக்கத்தான் இந்த மாத்திரை. கீரையை ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம், திடீரென்று கூட்டவும் வேண்டாம். வாரத்துக்கு வாரம் அளவு ஒரே மாதிரி இருக்கட்டும். மாற்ற நினைத்தால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.