கார் நிறுத்தும் தளத்துக்கு சீலர் எப்போது பூசலாம்?

வீட்டு முன்புறம் கார் நிறுத்துவதற்காகப் புதிதாகப் போட்ட கான்கிரீட் தளம், மேலே கை வைத்துப் பார்க்கையில் காய்ந்துவிட்டதாகவே தோன்றினாலும், உள்ளே ஈரம் வெகுநாள் தங்கியிருக்கும் என்பதால், சீலர் (நீரும் கறையும் உள்ளிறங்காமல் காக்கும் மேற்பூச்சு) பூசுவதற்கு முன் 28 நாட்கள் பொறுப்பதே பொதுவான வழக்கம். இவற்றுள் முதற்பகுதி க்யூரிங்குக்கு, அதாவது கான்கிரீட் வலுப்பெற அதை ஈரமாகவே வைத்திருப்பதற்கு உரியது. ஓ.பி.சி. எனும் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டுக்குக் குறைந்தது 7 நாட்களும், பி.பி.சி. எனும் சாம்பல் கலந்த சிமென்டுக்கு 10 நாட்களும், கடுங்கோடையில் அதனினும் கூடுதலாகவும் பாத்தி கட்டியோ ஈரச் சாக்கு விரித்தோ நனைத்து வைத்தபின், எஞ்சிய நாட்களில் தளத்தை உலரவிட வேண்டும்.

ஆனால் நாட்கணக்கை மட்டும் நம்புவது சரியன்று. மழைக்காலமானால் ஒரு மாதம் கடந்தும் ஈரம் போகாது. ஏறத்தாழ ஒன்றரை அடிச் சதுரமான பாலிதீன் தாளைத் தளத்தின் மீது விரித்து, நான்கு விளிம்புகளையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, 16 மணி நேரமாவது கழித்துப் பிரித்துப் பாருங்கள். தாளின் உட்புறம் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தாலோ, அடியிலுள்ள கான்கிரீட் கறுத்திருந்தாலோ இன்னும் சில நாட்கள் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பூசிய அக்ரிலிக் சீலர் பால்போல் வெளுத்துக் கொப்புளித்து உரியும். பிறகு அதைச் சுரண்டி எடுப்பது பூசுவதைவிடப் பெரிய வேலை.

க்யூரிங்கையும் சீலிங்கையும் ஒருசேரச் செய்யும் கலவைகள் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றைத் தளம் இறுகிய அன்றே தெளிப்பார்கள். மற்றவற்றை, வெயிலேற ஏறத் தளத்தின் நுண்துளைகளிலுள்ள காற்று விரிந்து குமிழியிடும் காலை வேளையைத் தவிர்த்து, சூடு தணியும் மாலையில் பூசுவது நல்லது.