தேநீரை விட்டுத் தவக்காலம் இருப்பது எப்படி

ஈஸ்டருக்கு முன் கத்தோலிக்கர்கள் நோன்பிருக்கும் நாற்பது நாள்தான் தவக்காலம். முதல் முறை அதற்காகத் தேநீரை விட்டேன். ஐந்தாம் நாளே என் மனைவி ஒரு டம்ளர் தேநீரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "குடித்துவிடுங்கள். ஒறுத்தல் உங்களுக்கு, பாடுகள் எங்களுக்கு" என்றாள். குடித்துவிட்டேன். அதன் பின் பதினொரு தவக்காலங்கள் போய்விட்டன. இடறி விழுந்து கற்றதைச் சொல்கிறேன்.

வேலை தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதனுக்கு முன்பே தொடங்குகிறது. போன ஆண்டு ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்து ஞாயிறன்று கொண்டுவந்த ஓலை வீட்டுப் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கும். கோயிலில் கேட்கும்போது கொடுத்துவிடுங்கள். அதை எரித்த சாம்பல்தான் அந்தப் புதனன்று உங்கள் நெற்றிக்கு வரும்.

விடுவதற்கு ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கை தானாகத் தேடுகிற பொருளாக அது இருக்க வேண்டும். பாகற்காயை விடுகிறேன் என்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

சாப்பாட்டு விதி எளியது. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி: 18 முதல் 59 வயதுவரை உள்ளவர்களுக்கு ஒரு முழுச் சாப்பாடு, மற்ற இரு வேளை கொஞ்சம். திருநீற்றுப் புதனன்றும் வெள்ளிக்கிழமைகளிலும் சுத்தபோசனம், அதாவது இறைச்சி கூடாது. 14 வயது நிறைந்த எல்லாருக்கும் இது உண்டு. நோயாளிகள் தங்களை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. மீனுக்குத் தடையில்லை. தூத்துக்குடிக்காரனான எனக்கு இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. ஆட்டுக்கறியை விட்டுவிட்டுச் சீலா மீன் குழம்பை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டால் விதி மீறவில்லைதான். ஆனால் அதற்கு நோன்பு என்று பெயர் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் வெள்ளியன்று ரசமும் துவையலும்.

இனி காசு. கடையில் தேநீர் 12 ரூபாய். பதினோரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. குடிக்காத ஒவ்வொரு முறையும் அந்த 12 ரூபாயை உடனே ஒரு பாட்டிலில் போடுங்கள். இரவில் சேர்த்துப் போடலாம் என்று நினைத்தால் போடமாட்டீர்கள். ஞாயிறுகள் நோன்புக் கணக்கில் வராது; அவற்றைக் கழித்தால் 40 நாள், 960 ரூபாய். அந்தப் பணம் உங்களிடமே தங்கினால் அது சிக்கனம், தவமல்ல. என் பாட்டில் ஒரு பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரைக்குப் போகிறது. (இதைச் சொல்லியிருக்கக் கூடாது.) நோன்பு இருக்கும்போது தலைக்கு எண்ணெய் வைத்து முகம் கழுவச் சொன்னார் இயேசு. என் முகம் முதல் ஆண்டு எப்படி இருந்தது என்பதற்கு மனைவி சாட்சி.

நாலு மணிதான் கடினம். அந்தப் பத்து நிமிடம் கையில் ஒன்றுமில்லாமல் உட்கார முடியாது என்பது இந்தப் பழக்கத்தை விட்ட பிறகே எனக்குத் தெரிந்தது. இப்போது அந்த நேரத்தில் சிலுவைப்பாதையில், அதாவது இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளாகத் தியானிக்கும் செபத்தில், ஒரே ஒரு நிலையை வாசிக்கிறேன். பதினான்கு நாளில் ஒரு சுற்று முடியும். ஐந்தாம் நிலை வரும் நாளுக்காகக் காத்திருப்பேன். அதில் வரும் சிரேன் ஊர்ச் சீமோன் இயேசுவின் சிலுவையை விரும்பிச் சுமக்கவில்லை. வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் பிடித்துச் சுமக்க வைத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே சுமப்பவனுக்கும் அந்தப் பாதையில் ஓர் இடம் இருக்கிறது.

கல்யாண வீட்டில் தேநீரைக் கையில் கொடுத்துவிட்டால் குடியுங்கள். மறுத்து விளக்கம் சொல்வது அதைவிட மோசம். மறுநாள் பாட்டிலில் 12 ரூபாய் கூடுதலாகப் போட்டுவிட்டுத் தொடருங்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பு முடிந்து வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும். அந்த முதல் தேநீரில் சர்க்கரையைப் பாதியாகப் போடச் சொல்லுங்கள். பழைய அளவு திகட்டும்.