டியோடினத்துக்கு முன்னால் போகும் போர்ட்டல் சிரை: இளம் சர்ஜன்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பச்சைக் குழந்தையைத் தியேட்டரில் குளிரவிடுவது, எடை பார்க்காமல் மருந்து எழுதுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு சிஸ்டர்களே திட்டிவிடுவார்கள்.

குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரை வழக்கமாக டியோடினத்துக்கு (இரைப்பையை அடுத்து வரும் சிறுகுடலின் முதல் பகுதி) பின்னால் செல்லும். கருவில் இரண்டு வைட்டலின் சிரைகள் (மஞ்சள்கருப் பையிலிருந்து இரத்தம் கொண்டுவருபவை) டியோடினத்துக்கு முன்னும் பின்னும் இணைந்திருக்கும். பின் இணைப்பு மறைந்து முன் இணைப்பு தங்கிவிட்டால், சிரை முன்னால் வந்துவிடும். 1921-லேயே விவரிக்கப்பட்ட கோளாறு இது, அபூர்வம்தான்.

சிரையைக் கண்டதும் தேடலை நிறுத்துவது

பச்சை வாந்தி, எக்ஸ்ரேயில் டியோடினம் அடைபட்டதைக் காட்டும் இரட்டைக் குமிழி. வயிற்றைத் திறந்தால் டியோடினத்தின் குறுக்கே நீலமாக ஒரு சிரை. "சார், இதுதான் அழுத்துது!" என்பார் ஜூனியர், முகமெல்லாம் மலர்ந்து. எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். மெல்லிய சுவரும் குறைந்த அழுத்தமும் உள்ள அந்தச் சிரை தனியாகக் குடலை அடைப்பது அரிது. நிஜக் காரணம் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும்: உள்ளே ஒரு சவ்வு, டியோடினத்தைச் சுற்றி வளைத்த வளையக் கணையம், கருவில் குடல் சரியாகச் சுழலாததால் அதன் குறுக்கே வரும் லாட் பட்டைகள் எனும் திசுப் பட்டைகள்.

ஒரு குழந்தைக்குப் பட்டைகளை வெட்டிவிட்டு, மிச்சப் பழியைச் சிரைமேல் போட்டு மூடிவிட்டார்கள். பால் கொடுக்க ஆரம்பித்ததும் மறுபடியும் பச்சை வாந்தி. இரண்டாம் முறை திறந்தபோது டியோடினத்துக்குள், நடுவில் குண்டூசித் துளையோடு ஒரு சவ்வு. முதல் ஆபரேஷனிலேயே மென்மையான கதீட்டரை (மெல்லிய குழாய்) உள்ளே விட்டுப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். அதற்குச் சில நிமிடம்கூட ஆகாது!

இன்னொன்று. சவ்வு சில சமயம் பை போலக் கீழ்நோக்கித் தொங்கும். அப்போது வெளியே குடல் சுருங்கித் தெரியும் இடம் வேறு, சவ்வு ஒட்டியிருக்கும் இடம் வேறு. கதீட்டரைத் தள்ளும்போது குடல்சுவர் எங்கே உள்வாங்குகிறது என்று பாருங்கள். ஒட்டியிருக்கும் இடம் அதுதான். அப்புறம் டியோடினத்தின் மேல்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் சிரைக்கு முன்னாலேயே இணைத்துத் தைத்துவிடலாம். சிரையைத் தொடவே வேண்டாம்.

பட்டை என்று நினைத்து வெட்டுவது

இழுத்துப் பிடித்தால் சிரை காலியாகி வெளுத்துவிடும், பட்டை மாதிரியே தெரியும். கல்லீரலுக்குப் போகும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு அதில்தான் ஓடுகிறது. கத்தரியை எடுக்குமுன் இழுவையைத் தளர்த்துங்கள்.

மண்ணீரலைப் பார்க்காமல் மூடுவது

இந்தச் சிரைக் கோளாறோடு மண்ணீரல் பல துண்டுகளாக இருப்பதும் சேர்ந்து வரலாம். அப்படி இருந்தால் இதயத்திலும் பித்தநாளத்திலும் கோளாறு இருக்குமோ என்று சந்தேகியுங்கள்.

அசைகஸ் சிரையை வழக்கம்போல் கட்டுவது

உணவுக்குழாய் அடைப்பு ஆபரேஷனில் அசைகஸ் சிரையை (மார்புக்குள் முதுகெலும்பை ஒட்டி மேலே போகும் சிரை) கட்டி வெட்டுவது பலருக்கும் பழக்கம். ஆனால் மேலே சொன்ன கோளாறுகளோடு, கீழ்ப்பாதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் கீழ்ப்பெருஞ்சிரை கல்லீரலுக்குக் கீழேயே நின்றுபோவதும் உண்டு. அப்படிப்பட்ட குழந்தைக்கு, உடலின் கீழ்ப்பாதி இரத்தம் அசைகஸ் வழியாகத்தான் இதயத்துக்குத் திரும்பும். அதைக் கட்டினால் உயிருக்கே ஆபத்து. ஆபரேஷனுக்கு முன் எப்படியும் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கிறோம். கீழ்ப்பெருஞ்சிரை இதயம்வரை வருகிறதா என்பதையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.