எரிமலைக்குள் கடல்நீரை ஊற்ற நினைக்கும் பொடியளுக்கு

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பாடசாலைக் கண்காட்சி என்றால் இப்போது இந்த மாதிரி ஒன்று கட்டாயம் இருக்கும். களிமண் எரிமலை, பக்கத்தில் நீலச் சாயத்தில் கடல், இரண்டையும் இணைக்கும் ஒரு குழாய், மேலே சுழலும் காற்றாடி. எரிமலைச் சூட்டில் கடல்நீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் காற்றாடியைச் சுழற்றி மின்சாரம் எடுப்பதுதான் யோசனை. அரிசி ஆலைகளில் பொயிலர் பார்ப்பவன் என்பதால் "அண்ணை, இது சரிவருமோ?" என்று என்னிடம் வருவார்கள். ஆரம்பத்தில் நானும் இப்படித்தான் கீறிப் பார்த்தேன். கூட்டல் கழித்தல் பிழைகளை விடுவோம், பெரிய பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

எரிமலையை வன்னியில் வைப்பது

இங்கே எரிமலை இல்லை. காலடியில் கிடப்பது எப்போதோ ஆறிப்போன பழம்பாறை. இப்படிப்பட்ட நிலத்தில் ஒரு கிலோமீற்றர் இறங்கினால் வெப்பநிலை 25 முதல் 30 பாகை செல்சியஸ் கூடும். 150 பாகை வேண்டுமென்றால் நாலைந்து கிலோமீற்றர் துளைக்க வேண்டும். ஆலையை எரிமலை உள்ள ஐஸ்லாந்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

கடல்நீரைத் தண்ணீர் என்று நினைப்பது

இதைக் கண்டால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

நிலத்தடிச் சூட்டில் மின்சாரம் எடுக்கும் புவிவெப்ப ஆலையில் 1 மெகாவாற்றுக்கு மணிக்கு ஏறத்தாழ 8 தொன் நீராவி வேண்டும். ஒரு தொன் கடல்நீரில் 35 கிலோ உப்பு. அந்த நீராவி முழுவதையும் கடல்நீரை வற்றவைத்தே எடுத்தால், ஒரு நாளில் 6 தொன்னுக்கு மேல் உப்பு குழாய்க்குள் நிற்கும். ஆனையிறவு உப்பளத்தில் வெயில் பாத்தி பாத்தியாகச் செய்கிற வேலையை நீங்கள் ஒரு குழாய்க்குள் செய்யப் பார்க்கிறீர்கள்.

கறியுப்பு பிறகுதான். முதலில் வருவது கல்சியம் சல்பேற்று. சூடேறினால் எல்லாமே நன்றாகக் கரையும் என்று படித்திருப்பீர்கள். இது அதற்கு மாறு. சூடு ஏற ஏறக் கரைதிறன் குறையும். கடல்நீர் 150 பாகையைத் தாண்டும்போது, எந்த இடம் அதிகம் சூடோ அந்த இடத்திலேயே படியும். படிவு எஃகைப்போல வெப்பத்தைக் கடத்தாது. உள்ளே நீர் சூடேறாது, வெளியே உலோகம் வேகும்.

கடல்நீர்கூடத் தேவையில்லை, நம் கிணற்று நீரே போதும். ஓர் ஆலையில், சுண்ணாம்பை நீக்கித் தண்ணீரை மென்மையாக்கும் தொட்டிக்கு உப்புப் போடுவதைச் செலவென்று நிறுத்திவிட்டார்கள். பலமுறை சொன்னேன், கேட்கவில்லை. பொயிலர் ரியூப்புக்குள் சுண்ணாம்பு பிடித்து, ரியூப் வீங்கி வெடித்தது. அதுவும் பெரும்போக நெல் வந்து குவிந்த நேரத்தில். மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கு போனது.

அப்படியென்றால் ஐஸ்லாந்தின் ரேக்யனெஸ் ஆலையில் கடல்நீரை வைத்தே மின்சாரம் எடுப்பது எப்படி? அங்கே யாரும் கடலை ஊற்றுவதில்லை. கடல்நீர் பாறை வெடிப்புகள் வழியாகத் தானாக இறங்கி, சல்பேற்றையும் மக்னீசியத்தையும் பெரும்பாலும் பாறையிலேயே விட்டுவிட்டுச் சூடான உப்புநீராக மேலே வருகிறது. வரும்போது பாறையின் சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு வரும். சிலிக்காவின் குணம் வேறு, ஆறினால் படியும். அதனால் நீராவியைப் பிரிக்கும் கலத்தின் அழுத்தத்தை உயர்த்தியே வைத்திருக்கிறார்கள், உப்புநீர் அதிகம் ஆறிவிடாதபடி. பக்கத்து ஸ்வார்ட்செங்கி ஆலை 1976இல் தொடங்கியது. அதன் கழிவுநீர் தேங்கி உருவானதுதான் சுற்றுலாப் பயணிகள் குளிக்கும் நீலக் குளம். அதன் வெண்சேறு இந்தச் சிலிக்காதான்.

ஆகவே மாதிரியில் இரண்டு சுற்று வரையுங்கள். உப்புநீர் ஒன்றில், காற்றாடியைச் சுழற்றும் திரவம் மற்றதில், நடுவில், இரண்டையும் கலக்கவிடாமல் சூட்டை மட்டும் கடத்தும் வெப்பமாற்றி. படிவு பிடித்தாலும் கழற்றிக் கழுவலாம்.

பிரஷர் குக்கரில் கடல்நீர் காய்ச்சிக் காட்டுவது

வேண்டாம். உப்பு வால்வை அடைக்கும்.

குளிர்ப் பக்கத்தை மறப்பது

"திருகோணமலையில கன்னியா வெந்நீர் ஊற்று இருக்குத்தானே?" என்று கேட்பார்கள். சூடு மட்டும் போதாது, சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள இடைவெளியில்தான் மின்சாரம் வரும். அலாஸ்காவின் சேனாவில் 2006 முதல் வெறும் 74 பாகை நீரில் மின்சாரம் எடுக்கிறார்கள், உண்மை. ஆனால் அங்கே குளிரவைக்கும் நீர் ஏறத்தாழ 4 பாகை. கன்னியா 40 பாகைக்குக் கிட்ட, நம் கடல் 28. ஏட்டுக் கணக்கில், வெப்பத்தில் மின்சாரமாக்கக்கூடிய பங்கு சேனாவுக்கு அதிகபட்சம் 20 வீதம், நமக்கு 4 வீதம்கூட இல்லை. அது பம்பியை ஓட்டவே காணாது.