மிளகு பிளாக்கும் பிளாக்தானா? ரிகர்சிவ் டைப்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டுக் காப்பி எஸ்டேட் ஒன்றின் கணக்கை நிரலாக எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எஸ்டேட் பிளாக்குகளாகப் பிரியும். ஒரு பிளாக்குக்குள் சிறு பிளாக்குகள் இருக்கும். ஆகவே 'பிளாக்' என்ற டைப்பில் (தரவின் வடிவத்தைச் சொல்லும் வரையறையில்) இரண்டு ஃபீல்டுகள்: பரப்பு, உட்பிளாக்குகளின் லிஸ்ட். தன் வரையறைக்குள் தன் பெயரே வருவதால் இது ரிகர்சிவ் டைப். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றிய பகுதிகளுக்கு 'மிளகு பிளாக்': அதே ஃபீல்டுகளோடு கொடி எண்ணிக்கையும் உண்டு, உட்பிளாக்குகளும் மிளகு பிளாக்குகளே.

மிளகு பிளாக் பிளாக்கின் சப்டைப்பா? அதாவது, பிளாக் கேட்கும் இடத்திலெல்லாம் மிளகு பிளாக்கைக் கொடுக்கலாமா? இதுவரை ஆம். பரப்பைக் கூட்ட சேலம் அலுவலகத்தில் எழுதிய ஃபங்ஷனுக்கு மிளகு பிளாக்கைக் கொடுத்தாலும் விடை சரியாகவே வரும்.

இந்த 'ஆம்' தரும் துணிச்சலில்தான் முதல் தவறு நடக்கிறது. இரண்டு டைப்களிலும் இரண்டு பிளாக்குகளை இணைக்க 'சேர்' என்றொரு மெத்தடை (டைப்புக்குள்ளேயே இருக்கும் ஃபங்ஷனை) வைக்கிறோம். பிளாக்கில் அது ஒரு பிளாக்கை வாங்கிப் பிளாக்கைத் தரும். மிளகு பிளாக்கில் மிளகு பிளாக்கை வாங்கி மிளகு பிளாக்கைத் தரும். ஃபீல்டு கூடியிருக்கிறதே தவிர எதுவும் குறையவில்லை, ஆகவே சப்டைப்தான் என்று தோன்றும். இல்லை. ஃபங்ஷன் தரும் மதிப்பில் சப்டைப் உறவு அதே திசையில் போகும்; வாங்கும் மதிப்பில் திசை திரும்பிவிடும். 'சேர்' பொருந்த வேண்டுமானால் எல்லாப் பிளாக்கும் மிளகு பிளாக்காக இருக்க வேண்டும். வெறும் காப்பி மட்டும் நிற்கும் பிளாக்கில் கொடி எண்ணிக்கைக்கு எங்கே போவது?

ஓகேமல் மொழி இதைக் கம்பைல் நேரத்திலேயே மறுத்துவிடும். டைப்ஸ்கிரிப்ட் மொழியில் கவனம் தேவை. ஃபங்ஷன் வாங்கும் மதிப்பைக் கண்டிப்பாகச் சோதிக்க 2.6 பதிப்பில் வந்த strictFunctionTypes தேர்வை இயக்கினாலும், 'சேர்' மெத்தட் வடிவில் எழுதப்பட்டிருந்தால் அந்தச் சோதனை அதைத் தொடாது. 1200 கொடிகளோடு இல்லாத ஃபீல்டைக் கூட்டி, விடை 'நாட் எ நம்பர்' என்று வந்து நிற்கும். ஃபங்ஷன் மதிப்புள்ள ஃபீல்டாக எழுதினால் பிழை உடனே தெரியும்.

சரிசெய்ய நல்ல வழி, மிளகு பிளாக்கின் 'சேர்' எந்தப் பிளாக்கையும் வாங்கட்டும், மிளகு பிளாக்கையே தரட்டும். கொடி இல்லாத பிளாக்குக்கு 0 என்று கொள்ளலாம். இப்போது உறவு மீண்டும் செல்லும். 0 என்று கொள்வது கணக்குக்கு ஒவ்வாது என்றால் 'சேர்' என்பதை டைப்புக்கு வெளியே தனி ஃபங்ஷனாக எடுத்துவிடுங்கள். இன்ஹெரிட்டன்ஸ் இருந்தால் சப்டைப்பும் தானாக வரும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

உட்பிளாக்குகளை லிஸ்டுக்குப் பதில் மாற்றக்கூடிய அர்ரேயில் வைத்தாலும் உறவு முறியும். படிக்க ஒரு திசை, எழுத எதிர்த் திசை. இரண்டும் ஒன்றாக வேண்டும் என்பதால் ஓகேமலும் ஸ்காலாவும் டைப் அச்சாக ஒன்றாக இருந்தால்தான் ஏற்கும். ஜாவா அர்ரேயில் இந்த உறவை அனுமதித்துவிடுகிறது. தவறான பிளாக்கைப் போட்டால் ஓடும்போது எக்ஸப்ஷன் எறியும்.

சொந்தமாக டைப்செக்கர் (டைப்கள் பொருந்துகின்றனவா என்று சோதிக்கும் நிரல்) எழுதுபவர்களுக்கு வேறு பொறிகள் உண்டு. மிளகு பிளாக்கைச் சோதிக்க அதன் உட்பிளாக்கைச் சோதிக்க வேண்டும், அதுவும் மிளகு பிளாக். எதைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைவு வைக்காவிட்டால் இது முடிவில்லாமல் போய் ஸ்டாக் நிரம்பி நிரல் விழும். ஆகவே சோதிக்கத் தொடங்கிய இரண்டு டைப்களின் ஜோடியை ஒரு செட்டில் போட்டு, அதே ஜோடி மறுபடி வந்தால் 'ஆம்' என்று திரும்ப வேண்டும். கணினி அறிஞர் லூகா கார்டெல்லியின் ஆம்பர் மொழியிலிருந்து பெயர் பெற்ற ஆம்பர் விதி இதுதான். ரோபர்ட்டோ அமாடியோவும் அவரும் 1993இல் இதை முறையாக நிறுவினார்கள்.

அந்த ஜோடிக்குத் திசை உண்டு என்பதை மறந்தால் எல்லாம் வீண். இரண்டு வரையறைகளும் தன்னைக் குறிக்க 'தான்' என்ற ஒரே பெயரை வைத்திருக்கின்றன என்று இரண்டையும் ஒன்றாகக் கொண்டால், மேலே மறுத்த 'சேர்' உதாரணம் தேறிவிடும். முதலில் பெயர்களை வேறாக்குங்கள், பிறகு 'இது அதன் சப்டைப்' என்பதை மட்டும் அனுமானமாக எடுங்கள். யூனியன் டைப் ('இதுவோ அதுவோ' என்று பல கிளைகள் உள்ள டைப்) இருந்தால் இன்னொன்று: ஒரு கிளை தோற்றால் அந்த முயற்சியில் சேர்த்த அனுமானங்களை நீக்கிவிட்டே அடுத்த கிளைக்குப் போக வேண்டும். வென்ற கிளையின் ஜோடிகளை வைத்துக்கொள்ளுங்கள். அவற்றையும் எறிந்தால் ஒரே ஜோடியைத் திரும்பத் திரும்பச் சோதித்து நேரம் அடுக்கேற்றமாக வளரும். வைத்துக்கொண்டால் 20 உறுப்புள்ள இரண்டு டைப்களுக்கு இரு திசையும் சேர்த்து அதிகபட்சம் 800 ஜோடிகளே.

ஓகேமல் எழுதுபவர்களுக்கு: ரெக்கார்டுகளுக்கிடையே ஃபீல்டை வைத்து சப்டைப் கிடையாது, ஆப்ஜெக்ட்டுக்கும் பாலிமார்ஃபிக் வேரியன்ட்டுக்கும் (முன்கூட்டி டைப் வரையறுக்காமலே எழுதக்கூடிய வேரியன்ட்) உண்டு. அங்கேயும் மாற்றம் தானாக நடக்காது, :> குறி போட வேண்டும். ரிகர்சிவ் டைப்பில் இலக்கை மட்டும் எழுதிப் பிழை வந்தால் மூல டைப்பையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். அதற்காக, எந்தச் சுழல் டைப்பையும் ஏற்கச் சொல்லும் ரெக்டைப்ஸ் (-rectypes) என்ற கம்பைலர் தேர்வை இயக்கிவிடாதீர்கள். ஆர்க்யுமென்ட் ஒன்றை விட்டுவிட்ட சாதாரணப் பிழைகூட அப்போது விநோதமான சுழல் டைப்பாக ஏற்கப்பட்டு, பிழைச் செய்தி வேறெங்கோ ஒரு வரியில் போய் முளைக்கும்.